ஊடகக் கலைப் பட்டப்படிப்பு: பாகான் செராய் வட்டாரம்

திரைப்படம், ஒலிபரப்பு, அசைவூட்டம், வரைகலை, கணினி விளையாட்டு ஆகியவற்றைப் படைக்கக் கற்பிக்கும் உயர்கல்வித் துறை ஊடகக் கலை. மலேசியாவில் இது படைப்புப் பல்லூடகம், புதிய ஊடகம், தொடர்பியல் எனப் பல பெயர்களில் நடத்தப்படுகிறது. ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு தேடும் மாணவருக்குப் பாதி வாய்ப்புகள் கண்ணில் படாமலே போகும்.

பாகான் செராய், பேராவின் வடமேற்கில் கிரியான் மாவட்டத்தில் உள்ள நகரம். 1906இல் நிறைவேறிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் இதை நெல் விளையும் பூமியாக்கியது. சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் தோட்டங்களில் இருக்கிறது. பட்டர்வொர்த் செல்லும் கொமுட்டர் ரயில் இங்கு நிற்கிறது; அங்கிருந்து கடலைக் கடந்தால் பினாங்குத் தீவு.

படிப்புச் செலவு பெரும்பாலும் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிந்த கையோடு எடுக்கும் முடிவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தேர்வு முடிவு வந்த வாரமே தனியார் கல்லூரியின் அடித்தளப் படிப்பில் சேர்ந்துவிட்டால், பட்டம் வரை கட்டணம் துரத்தும். ஆறாம் படிவமோ அரசுப் பள்ளியிலேயே மூன்று பருவங்களில், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் முடியும், எஸ்.டி.பி.எம். தேர்வில் காட்சிக் கலையும் ஒரு பாடம். இன்னொரு வழி பொலிடெக்னிக். பருவத்துக்கு 200 வெள்ளி என்ற கட்டணத்தில் ஆறு பருவ டிப்ளோமாவுக்கு 1,200 வெள்ளிதான் ஆகிறது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைவிட இது குறைவு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த இரண்டு வழிகளையும் முதலில் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

அரசுப் பல்கலைக்கழக இடங்களுக்கு யு.பி.யு. எனப்படும் மையச் சேர்க்கை அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கலைப் படிப்புகள் பலவற்றுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. பள்ளியில் வரைந்த படங்கள், கைப்பேசியில் எடுத்த குறும்படம் எதையும் தூக்கி எறியக் கூடாது. பாகான் செராய்க்கு அருகில் இருப்பது 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அதன் கலைப் புலமும் தொடர்பியல் புலமும் பினாங்கு வளாகத்தில் உள்ளன. நிபோங் திபாலில் இருப்பது பொறியியல் வளாகம். பேராவுக்குள்ளேயே ஸ்ரீ இஸ்கண்டாரில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கலை, வடிவமைப்புப் படிப்புகளை நடத்துகிறது. ஆனால் அதன் சேர்க்கை பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இதழியல், விளம்பரம் போன்றவற்றைக் கற்பிக்கிறது. அசைவூட்டம் வேண்டுவோர் அதன் சுங்கை லோங் வளாகத்துக்குப் போக வேண்டும். அங்கே வாடகையும் சாப்பாடும் கட்டணத்தோடு சேர்ந்துகொள்ளும். வரைகலைக்கு ஏற்ற கணினி தனிச் செலவு.

தனியார் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர், எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தாமே பார்க்க வேண்டும். 1997இல் அமைந்த பி.டி.பி.டி.என். நிதிக்கழகம் கொடுப்பது கடன், இனாம் அல்ல. முதல் வகுப்பில் தேறுவோர் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். இந்திய மாணவர்களுக்கு ம.இ.கா. கட்சியின் எம்.ஐ.இ.டி. கல்வி அறநிதியமும் கைகொடுக்கிறது.

வருமானம் சான்றிதழைவிடக் கைவேலையைப் பார்த்தே அமைகிறது. 2007இல் தொடங்கிய ‘உப்பின் இப்பின்’ அசைவூட்டத் தொடரை உருவாக்கியவர்களில் சைபர்ஜெயா பல்லூடகப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரான நிஸாம் ரசாக் பின்னர் ‘போபோய்போய்’ தொடரைப் படைத்தார். கோலாலம்பூர் வட்டாரத்தில் வெளிநாட்டு விளையாட்டு நிறுவனங்களுக்கும் படைப்பகங்கள் உள்ளன. ஆனால் தள்ளாட்டமும் இத்துறையோடு பிறந்தது: சைபர்ஜெயாவில் கிளை வைத்திருந்த அமெரிக்காவின் ரிதம் அண்ட் ஹியூஸ், ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்குக் காட்சி விளைவுக்கான ஆஸ்கார் கிடைத்த அதே 2013இல் திவாலானது. ஆகவே அசைவூட்டம் படிப்பவர் படத்தொகுப்பையும், ஒலிபரப்பு படிப்பவர் வரைகலையையும் துணைத்திறனாகக் கற்பது நல்லது.

மின்னல் எஃப்.எம்., ராகா, அஸ்ட்ரோ வானவில் என்று தமிழுக்கு ஊடகங்கள் உண்டு, இடங்கள்தான் சொற்பம். தமிழோடு மலாயிலும் ஆங்கிலத்திலும் உரையாடல் எழுதத் தெரிந்தவருக்கு விளம்பர நிறுவனங்களின் கதவும் திறக்கும். பல படிப்புகளில் கடைசிக் கட்டமாகத் தொழிற்பயிற்சி வருகிறது. அதை எந்த நிறுவனத்தில் செய்கிறோம் என்பதிலிருந்தே முதல் வேலை பலருக்கு அமைகிறது. சேரும் முன், மூத்த மாணவர்கள் எங்கே பயிற்சிக்குப் போனார்கள் என்று கல்லூரியில் நேரில் கேட்க வேண்டும்.