ஜாக்சன் ஏரிச் சாலையின் பழைய பாக்கி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத் தலைநகர் டாலஹாசிக்கு வடக்கே, சுமார் 4,000 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது ஜாக்சன் ஏரி. ஆழம் குறைந்த ஏரி அது. அதிலிருந்து புறப்பட்டுப் போகும் ஆறோ ஓடையோ கிடையாது. தண்ணீர் போகும் வழி அடியில் இருக்கிறது. அந்தப் பகுதியின் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. நீர் அரித்து அரித்துப் பாறையில் குழிகள் விழுந்திருக்கின்றன. மழை பொய்த்து நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்போது, போர்ட்டர் குழி என்று பெயர்பெற்ற பள்ளத்தின் அடைப்பு விட்டுப்போகும். ஏரி பூமிக்குள் இறங்கிவிடும். 1982-ல் அப்படி வற்றியது, 1999-ல் மறுபடி வற்றியது, அதற்கு முன்பும் பல முறை வற்றியிருக்கிறது. இது ஏரியின் இயல்பு. அங்கே வாழும் ஆமைகளும் அதற்குப் பழகியவை. நீர் சுருங்கத் தொடங்கியதும் அவை தரையேறி, நீர் தங்கியிருக்கும் பக்கத்து இடங்களைத் தேடி நடக்கும். ஏரி நிறைந்ததும் திரும்பி வரும்.

அந்த நடைபாதையின் குறுக்கேதான் யு.எஸ். 27 நெடுஞ்சாலை போகிறது. ஏரியின் வடமேற்குக் கிளையில் மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் சாலை போட்டார்கள். பிறகு அது நான்கு வழிச் சாலையாயிற்று. துண்டாகிப்போன கிளைக்குச் சின்ன ஜாக்சன் ஏரி என்று பெயர். இரு பக்கத்து நீரும் கலக்கச் சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப்பாலம் வைத்தார்கள். போட்டவர்கள் மேல் பழி சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் எந்த நாட்டிலும் ஏரிக்குக் குறுக்கே சாலை போட்ட பொறியாளர் நீருக்கு வழி விட்டால் போதும் என்றுதான் நினைத்தார். நீரோடு சேர்ந்து நடமாடும் உயிர்களுக்கு வழி வேண்டும் என்ற எண்ணம் மதிப்பீட்டில் இடம்பெறவில்லை. அப்படி எழுதாமல் விட்ட செலவு அதனால் இல்லாமல் போய்விடவில்லை. பல பத்தாண்டுகள் அதை ஆமைகள் உயிரால் கட்டிவந்தன. 2010-ல் அங்கே முடிக்கப்பட்ட தடுப்புச் சுவரையும் சுரங்கவழிகளையும் ஆமைகளுக்குக் காட்டிய சலுகையாகப் பார்ப்பவர்கள் உண்டு. சாலைக்கு அன்றே கொடுத்திருக்க வேண்டிய பாக்கி அது என்பதே என் வாதம்.

பாக்கி எவ்வளவு என்பது 2000 பிப்ரவரியில்தான் எண்ணிக்கையாக வெளிவந்தது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த மேத்யூ அரெஸ்கோ, ஏரி வற்றியிருந்த அந்தச் சமயத்தில், அரை கிலோமீட்டர் அளவே உள்ள சாலைத் துண்டில் 90 ஆமைகள் நசுங்கிக் கிடப்பதைக் கண்டார். தொடர்ந்து கணக்கெடுத்தபோது, நாளொன்றுக்குக் கிலோமீட்டருக்கு 11.9 ஆமைகள் செத்துக்கொண்டிருந்தன. அடிபட்ட 343 ஆமைகளில் 95 விழுக்காடு, சாலையின் ஓரத்தில் கால் வைத்ததுமே செத்தவை. மற்றவையும் முதல் இரண்டு தடங்களைத் தாண்டவில்லை. நான்கு தடங்களையும் கடந்து செத்தது ஒன்றுமில்லை, ஏனென்றால் அவ்வளவு தூரம் போனதே இல்லை. போக்குவரத்து அளவை வைத்து அவர் போட்ட கணக்கு இன்னும் தெளிவானது: 1977-ல் ஓர் ஆமை உயிரோடு கடக்க 32 விழுக்காடு வாய்ப்பு இருந்தது, 2001-ல் நாளுக்குச் சுமார் 21,500 வண்டிகள் ஓடியபோது வெறும் 2 விழுக்காடு. சாலை அதே சாலைதான். வண்டி பெருகப் பெருக, பாக்கியும் வட்டியோடு ஏறியிருக்கிறது.

ஆமை வருடாவருடம் முட்டையிடுகிறதே, சில நூறு செத்தால் ஈடாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மீனுக்கும் தவளைக்கும் ஓரளவு பொருந்தக்கூடிய இந்தக் கேள்வி ஆமைக்குப் பொருந்தாது. கனடாவின் அல்காங்குவின் பூங்காவில் 1972 முதல் தொடர்ந்து கவனிக்கப்படும் கடிஆமைகள் இதற்குச் சான்று. அந்தக் குளிரில் ஒரு பெண் ஆமை முதல் முட்டையிடப் பதினேழு பதினெட்டு வயதாகிறது. முட்டைகளை நரியும் ரக்கூனும் தோண்டித் தின்கின்றன; ஆயிரம் முட்டையில் ஒன்றுகூடப் பருவமெய்துவது அரிது. அந்தக் குறையை ஈடுகட்ட ஆமை நெடுங்காலம் வாழ்ந்து, திரும்பத் திரும்ப முட்டையிடுகிறது. 1980-களின் பிற்பகுதியில் நீர்நாய்கள் அங்கே குளிர்கால உறக்கத்தில் இருந்த வளர்ந்த ஆமைகள் பலவற்றைக் கொன்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கூட்டம் பழைய எண்ணிக்கைக்கு வரவில்லை. ஃபுளோரிடாவின் வெப்பத்தில் ஆமைகள் விரைவாக வளர்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் கணக்கின் அடிப்படை மாறுவதில்லை. வளர்ந்த ஆமைதான் முதல். முட்டை போனால் ஒரு வருட வரவு போகும். வளர்ந்த ஆமை போனால் முதலே போகும்.

இன்னொரு கேள்வி, சுவரும் சுரங்கவழியும் எதற்கு, வேலியே போதாதா என்பது. வேலியால் முடியும் என்பதை நிரூபித்தவரே அரெஸ்கோதான். சாலையோரம் தற்காலிக வேலி அடித்து, ஆமைகளைப் பழைய குழாய்ப்பாலத்தின் பக்கம் திருப்பிவிட்டார். சாவு 11.9-லிருந்து 0.09-க்கு இறங்கியது. 8,475 ஆமைகளில் 84 மட்டுமே வேலியை ஏறியோ துளைத்தோ சாலைக்குள் போயின. ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு மனிதரின் அன்றாட உழைப்பு இருந்தது. துணி வேலி வெயிலில் நைந்துபோகும், புல் வெட்டும் இயந்திரத்தில் கிழியும். வேலியோரம் தேங்கி நிற்கும் ஆமை வெயிலுக்கும் வேட்டை விலங்குக்கும் இரையாகும், அதை எடுத்து மறுகரையில் விட வேண்டும். 2000 முதல் 2003 வரை அவர் கணக்கில் வந்த 44 இன ஊர்வன, நீர்நில வாழ்வன 10,229. அவற்றில் ஆமை மட்டும் 8,842. ஒரு நெடுஞ்சாலையின் கட்டமைப்புக் குறையை ஒரு தன்னார்வலரின் முதுகில் என்றென்றைக்கும் ஏற்றிவைக்க முடியாது. அந்த மனிதருக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் என்ன ஆகும்?

கடுமையான எதிர்ப்பு பணத்தின் பேரில் வந்தது. 2009-ல் பொருளாதார மீட்புத் திட்டத்திலிருந்து இந்த வேலைக்கு 34 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டபோது, ஓக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் அதை வீண்செலவுப் பட்டியலில் சேர்த்தார். நாடு முழுக்க வேலை இழந்தவர்கள் இருக்கையில் ஆமைக்குச் சுரங்கமா என்ற கேள்விக்கு உணர்ச்சிபூர்வமான பலம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் 78,700 கோடி டாலர் திட்டத்தில் அந்தத் தொகை இரண்டு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கான்கிரீட் ஊற்றியதும் மண் தோண்டியதும் அதே கட்டுமானத் தொழிலாளர்கள்தான். வேகமாகப் போகும் சாலையில் பல கிலோ எடையுள்ள ஆமை குறுக்கே வந்தால் ஓட்டுநர் திடீரென்று வண்டியை ஒடிப்பார். சுவர் அவருக்கும் பாதுகாப்பு. இவற்றையெல்லாம் விட, ஒப்பீடே பிழையானது என்று நினைக்கிறேன். ஆமைக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று கேட்டார்கள். இந்த இடத்தில் இந்தச் சாலைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்க வேண்டும். ஆற்றின் குறுக்கே சாலை போட்டால் பாலத்தின் விலையை மீனுக்கான செலவு என்று யாரும் எழுதுவதில்லை.

சுவர் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று சொல்ல மாட்டேன். முட்டையிட இடம் தேடிக் கரையேறுபவை பெண் ஆமைகள் என்பதால் சாலையில் அதிகம் சாவதும் அவையே. ஜாக்சன் ஏரியில் ஆண்கள் மிஞ்சியும் பெண்கள் குறைந்தும் இருப்பதை அரெஸ்கோ பதிவு செய்திருக்கிறார். அந்தச் சரிவு நிமிரப் பல தலைமுறை ஆமைகள் ஆகும். ஒன்டாரியோவில் ஈரி ஏரிக்கரை லாங் பாயிண்ட் கரைச்சாலையில், முழுமையாக வேலியிட்ட பகுதிகளில் சாலைக்கு வரும் ஆமைகள் 89 விழுக்காடு குறைந்தன. இடைவெளி விட்ட பகுதிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு விரிசல் போதும், ஆமை அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே தார் போடவும் கோடு அடிக்கவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் அதே தலைப்பில், சுவரின் வெடிப்பை அடைக்கவும் குழாய்ப்பாலத்தின் மண்ணை வாரவும் நெடுஞ்சாலைத் துறை பணம் ஒதுக்க வேண்டும்.