அப்புறம் என்ன ஆச்சு?

கதை எழுதினால் பரிசு கொடுப்பார்கள். பாட்டுப் பாடினால் கொடுப்பார்கள். குண்டு எறிந்தால், குதித்தால், ஓடினால், ஓடி விழுந்தால்கூட ஒரு சர்ட்டிபிகேட் கிடைக்கும். படித்ததற்காக யாராவது பரிசு வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பரீட்சைக்குப் படிப்பது கணக்கில் சேராது. அடுத்தவன் எழுதிய கதையைப் பொறுமையாகப் படித்து, 'நல்லா இருக்கு, அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டதற்காக.

சிரிக்காதீர்கள். அப்படி ஒரு பரிசு இருந்தது. அதுவும் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்கள் மத்தியில்!

2000-ம் வருஷம் ஸ்வீடனிலிருந்து ஒரு கேம் வந்தது. ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. பெயர், யுரோப்பா யுனிவர்சாலிஸ். சுட்டுத்தள்ளுகிற சமாசாரம் இல்லை. திரையில் ஒரு பெரிய உலக வரைபடம். வருஷம், கொலம்பஸ் கப்பலேறிய 1492. ஒரு நாட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். வரி போடலாம், கப்பல் கட்டலாம், கல்யாண சம்பந்தம் பேசலாம், பக்கத்து நாட்டின் முதுகில் குத்தலாம். இதில் ஒரு விசேஷம். நிஜச் சரித்திரத்தில் நடந்ததுதான் நடக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. உங்கள் சாமர்த்தியத்தில் போர்ச்சுகல் படை லண்டனுக்குள் புகுந்தாலும் புகலாம்.

புகுந்துவிட்டது என்று வையுங்கள். நேரம், நள்ளிரவு மூணு மணி. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தூங்குகிற மனைவியை எழுப்பி, 'லண்டனைப் பிடிச்சுட்டேன்' என்று சொல்ல முடியுமா? குடும்பம் நடக்க வேண்டாமா?

எனவே எழுத ஆரம்பித்தார்கள்.

அமெரிக்க ராணுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை முடிந்ததும் என்ன திட்டம் போட்டோம், என்ன நடந்தது, எங்கே சொதப்பினோம் என்று அறிக்கை எழுதவேண்டும். 'ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிப்போர்ட்' என்பார்கள். சுருக்கமாக ஏஏஆர். கேம் பிரியர்கள் இந்தப் பெயரை அப்படியே சுட்டுக்கொண்டார்கள். ராணுவ பாணியில் இன்ன வருஷம் இன்ன கோட்டை என்று தொடங்கிய எழுத்து, போகப்போகத் தடம் மாறியது. தோற்றுப்போன ராஜாவின் டைரி. சதிகார சித்தப்பாவின் வாக்குமூலம். நடக்கவே நடக்காத சரித்திரத்துக்கு அடிக்குறிப்புகளோடு ஒரு பாடப்புத்தகம். சிலர் நாவலே எழுதினார்கள், அத்தியாயம் அத்தியாயமாக, வருஷக்கணக்கில்.

இந்தக் கதைகள் குடியிருந்த பேட்டைக்கு ஆர்லேண்ட் என்று பெயர் வைத்தார்கள். அந்த மூன்று எழுத்தை எந்த வார்த்தையில் சொருகலாம் என்று அலைந்த கூட்டம் அது. ரைட்டர் என்ற சொல்லின் வாலில் சொருகி, ரைட்டார் ஆக்கினார்கள். மரியாதைப் பன்மை இங்கிலீஷுக்குப் போனது இப்படித்தான்!

அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டெடுத்து நல்ல கதைகளுக்குப் பரிசு கொடுப்பார்கள். அது எல்லா இடத்திலும் நடப்பது. வாராவாரம் ஓர் எழுத்தாளரைக் கௌரவிப்பார்கள். அதுவும் சரி. கூடவே இன்னொரு பட்டமும் இருந்தது. 'இந்த வாரத்து ரசிகர்.'

இவர் எழுதிக் கிழித்ததற்காக வாங்கும் பட்டம் இல்லை. நாலு பேருடைய தொடரை விடாமல் படிப்பார். படித்துவிட்டு நகர மாட்டார். 'ராஜா ஏன் அந்தச் சித்தப்பாவை நம்பினார்?' என்று கேட்பார். 'போன அத்தியாயத்தில் செத்துப்போன தளபதி இதில் எப்படி வந்தார்?' என்று மடக்குவார். புதிதாக ஒருத்தர் தயங்கித் தயங்கி முதல் அத்தியாயம் போட்டால், முதல் ஆளாகப் போய் வாசலில் நிற்பார். பட்டத்தோடு பணமுடிப்பு உண்டா? பைசா கிடையாது. தன் பெயருக்குக் கீழே அந்தப் பட்டத்தையும் தேதியையும் ஒரு வரியாகப் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான்.

அவ்வளவுக்கு ஏன் இவ்வளவு என்கிறீர்களா? தொடர் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் ஆடியதை எழுத மூணு மணி நேரம் ஆகும். எழுதிப் போடுகிறீர்கள். கிணற்றில் போட்ட கல். அடுத்த வாரமும் கல். மூன்றாவது வாரம் கை ஓடாது. பாதியில் நின்றுபோன கதைகள் ஆர்லேண்டில் ஏராளம். கதை வறண்டு நின்றது கொஞ்சம். கேட்க ஆளில்லாமல் நின்றது நிறைய.

நான் காமர்ஸ் படித்தவன். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பேரேடு மூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எழுதுவது ஒரு பக்கம் என்றால் படிப்பது எதிர்ப்பக்கம். எல்லோரும் ஒரு பக்கத்துக்கே மாலை போட்டுக்கொண்டிருந்தால் கணக்கு எப்படி நேராகும்?

*

இந்த யோசனை ஆர்லேண்டில் திடீரென்று முளைத்ததில்லை. கொஞ்சம் பின்னால் போவோம்.

ஆலன் கல்ஹாமர் என்ற அமெரிக்கர் 1954-ல் ஒரு பலகை விளையாட்டைக் கண்டுபிடித்தார். பெயர் டிப்ளமசி. 1901-ம் வருஷத்து ஐரோப்பா. ஏழு வல்லரசுகள். தாயக்கட்டை கிடையாது. பேசிப் பேசியே கூட்டணி வைத்து, பேசிப் பேசியே கழுத்தறுக்க வேண்டும். எந்தக் கம்பெனியும் சீந்தவில்லை. 1959-ல் சொந்தச் செலவில் 500 பெட்டிகள் போட்டார்.

ஏழு பேரை ஒரே மேஜைக்குக் கொண்டுவருவது லேசான காரியமா? 1963-ல் ஜான் போர்ட்மன் என்பவர் இந்த ஆட்டத்தைத் தபாலில் ஆட வைத்தார். நகர்த்தல்களைக் கடிதத்தில் எழுதி அனுப்பவேண்டும். அவர் தொகுத்து, கிராஸ்டார்க் என்ற சிறுபத்திரிகையாக அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்புவார். ஆடியவர்கள் நகர்த்தலோடு நிறுத்தவில்லை. வியன்னாவிலிருந்து, மாஸ்கோவிலிருந்து என்று தேதியிட்டுக் கற்பனைச் செய்தி அறிக்கைகள் விட ஆரம்பித்தார்கள். ஆட்டம் கதையானது அங்கேதான். (கல்ஹாமர் பிற்காலத்தில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? தபால்காரர். நிஜமாகவே.)

போர்ட்மன் ஓர் அறிவியல் புனைகதைப் பைத்தியம். சிறுபத்திரிகை நடத்தும் பழக்கம் அந்த வட்டாரத்திலிருந்து வந்ததுதான். 1926-ல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரிஸ்' பத்திரிகையைத் தொடங்கிய பிறகு, வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டார். அந்த முகவரிகளைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். சங்கம் வைத்தார்கள். சொந்தமாகப் பத்திரிகை போட்டார்கள்.

1953-ல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய மாநாட்டில் ஹியூகோ பெயரில் முதல்முறையாகப் பரிசுகள். சிறந்த நாவலுக்கு ஒன்று, இன்னும் சில, கூடவே 'நம்பர் ஒன் ரசிகர்' என்று ஒன்று. வாங்கியவர் ஃபாரஸ்ட் ஆக்கர்மன். வாங்கினார் என்றா சொன்னேன்? மேடையேறினார், எனக்கு வேண்டாம் என்றார், இங்கிலாந்தில் இருக்கும் கென் ஸ்லேட்டருக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். யார் இந்த ஸ்லேட்டர்? உலகப் போருக்குப் பிறகு, டாலர் கைக்கு எட்டாத பிரிட்டனில், அமெரிக்கப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வாசகர்கள் கையில் சேர்க்க ஓடி அலைந்த மனிதர். ஒரு ரசிகனுடைய அருமை இன்னொரு ரசிகனுக்குத்தான் தெரியும்.

*

இன்னும் பின்னால் போகலாமா? 1826 ஜூன். இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் ஹாவொர்த் என்ற ஊர். பாதிரியார் பாட்ரிக் பிராண்டே, லீட்ஸ் போய்த் திரும்பும்போது மகன் பிரான்வெல்லுக்கு 12 மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அம்மா இல்லாத வீடு. முந்தின வருஷம்தான் மூத்த பெண்கள் இருவரும் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். மிச்சமிருந்தது நாலு குழந்தைகள். மூத்தவள் சார்லட்டுக்கு வயது 10. கடைக்குட்டி ஆனுக்கு 6.

ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டார்கள். சார்லட்டின் சிப்பாய், வெலிங்டன் பிரபு. பிரான்வெல்லுடையது, நெப்போலியன் போனபார்ட். பன்னிரண்டு பேரும் கப்பலேறி ஆப்பிரிக்கக் கரையில் இறங்கினார்கள். ராஜ்யம் பிடித்தார்கள். கண்ணாடி நகரம் கட்டினார்கள். நாலு குழந்தைகளும் அந்த நாட்டுக்கு பூதங்கள். யுத்தத்தில் யாராவது செத்தால், பூதங்கள் நினைத்தால் எழுப்பிவிடலாம். சேவ் பண்ணி வைத்த ஆட்டத்தை மறுபடி லோட் பண்ணுவது வேறென்ன?

ஆடினால் போதுமா? எழுதவேண்டாமா? எழுதினார்கள். அந்த நாட்டுக்கென்று பத்திரிகையே நடத்தினார்கள். சார்லட் 1830-ல் தயாரித்த இதழ் ஒன்றின் அளவு என்ன தெரியுமா? 35 மில்லிமீட்டருக்கு 61 மில்லிமீட்டர். 20 பக்கத்தில் 4,000 வார்த்தைகளுக்கு மேல், எறும்பு ஊர்கிற எழுத்தில். ஏன் அவ்வளவு சின்னது? படிக்கப்போவது சிப்பாய்களாயிற்றே! அவர்கள் கைக்கு அடக்கமாக இருக்கவேண்டாமா? வாசகர் யார் என்று தெரிந்து அளவெடுத்துத் தைத்த பத்திரிகை. 2019-ல் பாரிஸில் அந்த இதழ் ஏலத்துக்கு வந்தபோது, பிராண்டே சங்கம் 6,00,000 யூரோ கொடுத்து வாங்கி ஹாவொர்த்துக்கே கொண்டுவந்தது.

எமிலியும் ஆனும் பிற்பாடு தனிக் கடை போட்டார்கள். காண்டால் என்று சொந்தமாக ஒரு தீவு. அதற்கு ராணிகள், கலகங்கள், சிறைகள். எமிலி எழுதினால் ஆன் படிப்பாள். ஆன் எழுதினால் எமிலி படிப்பாள். மூன்றாவது வாசகர் இல்லை. விளையாட்டு நிற்கவும் இல்லை. 1845-ல் யார்க் நகரத்துக்குப் போய்வந்த பயணத்தில்கூட காண்டால் பாத்திரங்களாக நடித்துக்கொண்டே போனார்கள். அப்போது எமிலிக்கு 26, ஆனுக்கு 25. ஒரே ஒரு வாசகி, ஒரு கதையைப் பத்து வருஷத்துக்கு மேல் உயிரோடு வைத்திருக்கிறாள்.

அந்த வருஷக் கடைசியில் எமிலியின் கவிதை நோட்டு சார்லட் கண்ணில் பட்டுவிட்டது. என்னைக் கேட்காமல் எப்படிப் படிக்கலாம் என்று எமிலி ஆடித் தீர்த்தாள். சமாதானப்படுத்திச் சம்மதம் வாங்குவதற்குள் சார்லட்டுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. காண்டால் பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, மூன்று சகோதரிகளும் கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்று ஆண் சாயலில் புனைபெயர் சூட்டிக்கொண்டு, 1846 மே மாதம் ஒரு தொகுப்பு போட்டார்கள். அச்சுக் கூலிக்குக் கையிலிருந்து கொடுத்தது 31 பவுண்ட் 10 ஷில்லிங். 1841-ல் ஒரு வீட்டில் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்ததற்கு சார்லட்டின் வருஷச் சம்பளமே 20 பவுண்ட்தான்.

ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால், விற்றது இரண்டு.

இருநூறு இல்லை. இரண்டே இரண்டு பிரதிகள்.

காமர்ஸ்காரன் இதை நஷ்டக் கணக்கில் எழுதி மூடிவிடுவான். ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவர், வார்விக் ஊரைச் சேர்ந்த ஃபிரெடரிக் எனோக். பாட்டு எழுதுகிறவர். புத்தகத்தைப் படித்தார். சும்மா இருக்க முடியவில்லை. பதிப்பாளருக்குக் கடிதம் போட்டார், கவிஞர்களின் கையெழுத்து கிடைக்குமா என்று.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பாதிரியார் வீட்டுக்கு அந்தக் கடிதச் சேதி போய்ச் சேர்ந்த நாளை. ஊருக்கே தெரியாத ரகசியப் பெயர்கள். சிப்பாய்களுக்காகவும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவும் எழுதிப் பழகிய கைகள். முதல்முறையாக, முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ கேட்கிறார். ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.

1847 முடிவதற்குள் சார்லட்டின் ஜேன் அய்ர், எமிலியின் வுதரிங் ஹைட்ஸ், ஆனின் அக்னெஸ் கிரே மூன்றும் வெளிவந்துவிட்டன. எனோக் கடிதம் போட்டதால்தான் வந்தன என்று நான் அளக்கமாட்டேன். அவர் போடாவிட்டாலும் வந்திருக்கும். ஆனால் இரண்டே பிரதி விற்ற வருஷத்தில், அந்த மூன்று பெண்களுக்குக் கிடைத்த கைதட்டல்களில் அதுவும் ஒன்று. எனோக்குக்குக் கிடைத்தது, மூன்று கையெழுத்து போட்ட ஒரு தாள். வாசகருக்கு யாரோ கொடுத்த பட்டம்தான் அதுவும்.

நீங்கள் விரும்பிப் படிக்கிற எழுத்தாளர் ஒருவர் இருப்பார். பிரபலமாக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. உங்கள் வீட்டிலேயே, நோட்டில் எதையோ கிறுக்கிவிட்டு மூடி மூடி வைக்கிற பத்து வயசுக் குழந்தையாகக்கூட இருக்கலாம். கேட்காமல் நோட்டை எடுக்காதீர்கள், எமிலி போலக் கோபித்துக்கொள்ளும். காட்டினால் படியுங்கள். படித்துவிட்டு, அந்த மூன்றே வார்த்தையைக் கேளுங்கள்.

அப்புறம் என்ன ஆச்சு?