பிராக்: எக்காளம் ஈன்ற சொல்

தற்பெருமை பேசுதலைக் குறிக்கும் ‘பிராக்’ என்னும் ஆங்கில வினையை, வட ஐரோப்பியத் தொன்மத்தின் கவிதைத் தெய்வமாகிய பிராகியின் பெயரோடு முடிச்சுப் போடும் விளக்கம் கற்றோரிடையும் உலவுவது வியப்புக்குரியது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்நோரி எழுதிய அரசர் வரலாற்றில், இங்யால்ட் என்பான் தந்தையின் ஈமவிருந்தில் ‘பிராகர்புல்’ எனப்பெறும் சூளுரைக் கிண்ணத்தை ஏந்தி, நாட்டை நாற்றிசையிலும் பாதியளவு பெருக்குவேன், இன்றேல் மடிவேன் என உரைத்துக் குடிப்பதே அன்னார் காட்டும் சான்று. அது வஞ்சினமேயன்றித் தற்புகழ்ச்சி அன்று. வஞ்சினக் காஞ்சி வேறு, நெடுமொழி கூறல் வேறு என்பதைப் புறத்திணை பயின்றோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

காற்சட்டையைக் காட்டி மினுக்கித் திரிதலிலிருந்து பிறந்த பிரெஞ்சு வினையே இதன் தாய் என்பாரும் உளர். 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லுக்கு 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சான்றுகளைத் தாயாக்குவது, மகளின் வயிற்றில் தாயைப் பிறப்பிப்பதாகும்.

மூலத்தை நாடுவோர் விக்லிஃப் பெயரால் வழங்கும் பழைய ஆங்கில விவிலியத்தைப் புரட்டுதல் நலம். எரிகோவின் மதில் விழுமுன் எக்காளம் செவியில் முழங்குவதை யோசுவா நூலின் 6ஆம் அதிகாரத்தில் அம்மொழிபெயர்ப்பு குறிப்பது இவ்வினையால்தான். முதலில் கருவியின் பேரொலி, பின்னர் அவ்வொலியை ஒத்த வாய்ப்பேச்சு என்னும் இப்பெயர்ச்சி தமிழர்க்குப் புதிதன்று: ஊதுகருவியாகிய எக்காளம் ‘எக்காளமிடுதல்’ எனச் செருக்கு மிகுந்த ஆரவாரமாயிற்று, தோற்கருவியாகிய தம்பட்டம், அடிப்பவன் தன் புகழையே அறைவதாயிற்று.

இதன் வழித்தோன்றலாகிய ‘பிராகடோச்சியோ’ ஒலியால் இத்தாலியம்போல் மயக்கினும் இத்தாலியச் சொல் அன்று. ஸ்பென்சர் 1590இல் வெளியிட்ட ‘ஃபேரி குவீன்’ காப்பியத்தில், ஆங்கில வேரோடு இத்தாலியப் பெருக்க விகுதியை, அதாவது பொருளின் பருமையைச் சுட்டும் ஈற்றை, ஒட்டி அமைத்த பாத்திரப் பெயர். பிறர் குதிரையைத் திருடி ஏறி வீரம் பேசும் பிராகடோச்சியோ, காட்டில் ஊதுகொம்பின் ஓசையும் புதரின் சலசலப்பும் கேட்டதும் கீழே விழுந்து புதருக்குள் ஊர்ந்து ஒளிகிறான்.

பிறப்பு தெளிவில்லை என அகராதிகள் ஒதுங்கி நிற்கலாம். எனினும் பிராக் என்பது வாயில் தோன்றிய சொல் அன்று, ஊதுகருவியில் தோன்றி வாய்க்கு வந்த சொல் என்பதே துணிபு.