படித்த கடனுக்கு மட்டும் ஏன் கதவு மூடப்பட்டது?

ஐக்கிய அமெரிக்காவில் ஒருவர் வியாபாரத்தில் நட்டப்பட்டு, இனிக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்தில் வங்குரோத்து அறிவித்தால், அவரது பெரும்பாலான கடன்களை அந்நாட்டுச் சட்டம் நீக்கி விடும். கடனட்டைப் பாக்கியும் வைத்தியசாலைக் கட்டணமும் அதில் அடங்கும். ஆனால் பல்கலைக்கழகம் போகப் பட்ட கடன் இலகுவில் நீங்காது. மோசடியால் பெற்ற கடன், பிள்ளைத் தாபரிப்புப் பணம் ஆகியவற்றோடு அதையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

படிக்க ஆசைப்பட்டவரை மோசடிக்காரரோடு சேர்த்து வைக்கும் நிலை எப்படி வந்தது? இந்த வரலாற்றை நாம் அறிந்திருப்பது நல்லது.

1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. பின்தங்கி விடுவோம் என்று பயந்த அமெரிக்கா, 1958இல் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் மூலம் மாணவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கத் தொடங்கியது. 1965இல் உயர்கல்விச் சட்டம் வந்தது. வங்கிகள் மாணவருக்குக் கொடுக்கும் கடனுக்கு அரசு பொறுப்பு நின்றது. ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் அந்தச் சட்டத்தில் கையொப்பமிட்ட இடம், டெக்சாஸில் அவர் ஆசிரியராவதற்குப் படித்த அதே கல்லூரி. வறிய பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் அவர். அன்று மாணவர் கடனும் மற்றக் கடன்களைப் போலவே வங்குரோத்தில் நீங்கியது.

1970களில் ஒரு பேச்சுப் பரவியது. வைத்தியராகவும் சட்டத்தரணியாகவும் பட்டம் பெற்றவர்கள், உழைக்கத் தொடங்கும் முன்பே வங்குரோத்து அறிவித்துக் கடனை உதறி விடுகிறார்களாம். ஆனால் அரச கணக்காய்வு அலுவலகம் தேடிப் பார்த்தபோது, அப்படி நீங்கிய கடன் நூற்றுக்கு ஒரு வீதம்கூட இருக்கவில்லை. ஆனாலும் பேச்சுத்தான் வென்றது. கடன் கட்டத் தொடங்க வேண்டிய நாளிலிருந்து ஐந்து வருடங்களுக்கு அதை வங்குரோத்தில் நீக்க முடியாது என்று 1976இல் சட்டம் வந்தது. "அளவு மீறிய இடர்" உள்ளவருக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது.

உண்மையைச் சொன்னால், இந்த ஐந்து வருட விதியில் ஒரு நியாயம் உண்டு. வீட்டுக் கடன் கட்டாவிட்டால் வீட்டை எடுக்கலாம், பட்டத்தை எவராலும் பறிக்க முடியாது. படித்து முடித்த கையோடு ஒருவரிடம் சொத்தும் இருக்காது, நாளை நல்ல சம்பளம் வரலாம். பொதுப் பணத்தைக் கொடுத்தவர்கள் கொஞ்சக் காலம் பொறுத்திருக்கச் சொல்வது தவறல்ல.

தவறு அதற்குப் பின்னர் நடந்தது. 1990இல் ஐந்து வருடம் ஏழானது. 1998இல் கால எல்லையையே நீக்கி விட்டார்கள். ஏழு வருடம் பொறுத்தால் திறக்கும் கதவு, ஆயுள் முழுக்கப் பொறுத்தாலும் திறக்காததாயிற்று. 2005இல் தனியார் வங்கிகளின் மாணவர் கடன்களுக்கும் இதே பாதுகாப்பு கிடைத்தது. பொதுப் பணத்தைக் காப்பதற்கென்று சொன்ன காரணம் அங்கே பொருந்தவே இல்லை.

எஞ்சியது "அளவு மீறிய இடர்" என்ற ஒரு சிறு வழி மட்டுமே. அதன் பொருளைச் சட்டம் சொல்லவில்லை, நீதிமன்றங்களே வகுத்தன. 1987இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று ஏற்றுக்கொண்ட புருன்னர் சோதனையைத்தான் பெரும்பாலான நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன. கடனாளி மூன்றை நிரூபிக்க வேண்டும்: கடனைக் கட்டினால் மிகக் குறைந்த வாழ்க்கையும் நடத்த முடியாது, இந்த நிலை நீண்ட காலம் தொடரும், கட்டுவதற்கு நேர்மையாக முயன்றார். அந்த வழக்கில் கடனாளி பட்டம் பெற்று ஒரு வருடம் முடியுமுன்பே விடுதலை கேட்டவர். ஐந்து வருடம் கழிந்தால் வேறு வழி இருந்த காலத்தில், அவசரப்பட்ட ஒருவருக்காக வகுத்த கடும் அளவுகோல் அது. அந்த வழி அடைபட்ட பிறகும், இருபது வருடம் போராடியவரையும் அதே கோலால்தான் அளந்தார்கள். வழக்குச் செலவுக்குப் பயந்தே பலர் கேட்காமல் விட்டார்கள்.

இன்று அங்கு நான்கு கோடிக்கும் அதிகமானோர் அரச மாணவர் கடன் பட்டிருக்கிறார்கள். பத்து வருடத்தின் பின்னர் அந்தக் கடனை வங்குரோத்தில் நீக்க அனுமதிக்கும் மசோதாவை 2021இல் டிக் டர்பின், ஜோன் கோர்னின் என்ற இரு செனட்டர்கள் கொண்டு வந்தார்கள். எதிரெதிர்க் கட்சியினர் சேர்ந்து கொண்டு வந்தும் அது சட்டமாகவில்லை. 2022 நவம்பரில் நீதித் திணைக்களம் அரச கடன் வழக்குகளுக்கான நடைமுறையை இலகுவாக்கியது. ஆனால் சட்டத்தின் வாசகம் மாறவில்லை.

எமது கருத்து இதுதான். காத்திருக்கும் காலம் ஒன்று இருக்கட்டும். அது முடிந்த பின்னரும் நேர்மையாகக் கட்ட முடியாதவருக்கு, நட்டப்பட்ட வியாபாரிக்குத் திறக்கும் கதவு திறக்க வேண்டும். படித்ததற்காக ஒருவர் அவரை விடத் தாழ்ந்த கடனாளி ஆகக் கூடாது.

இது எமக்குத் தூரத்துக் கதையல்ல. உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு 2017 முதல் எமது நாட்டிலும் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். பிள்ளையின் கடன் படிவத்தில் கையொப்பமிட முன், கட்ட முடியாமல் போனால் என்ன நடக்கும் என்ற பந்தியையும் ஒரு முறை வாசியுங்கள். விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.