வத்திராயிருப்பு கிருஷ்ணன் முதல் டூரிங் விருது வரை: அறிவியல் பரிந்துரையின் வரலாறு

பெரிய அறிவியல் விருதுகள் பெரும்பாலும் விண்ணப்பம் போட்டுப் பெறுபவை அல்ல. ஒருவரின் ஆய்வை அறிந்த இன்னொருவர் விருதுக் குழுவுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். யாருக்கு அந்த உரிமை உண்டு, அவர் யார் பெயரை எழுதுகிறார், யார் பெயரை விடுகிறார் என்பவையே முடிவில் பாதியைத் தீர்மானித்துவிடுகின்றன. இன்று செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கான விருதுகளும் இப்படித்தான் வழங்கப்படுகின்றன. இந்த முறையின் பலமும் பலவீனமும் விருதுநகர் மாவட்டத்து விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கையில் தெளிவாகப் பதிவாகியிருக்கின்றன.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் படித்துவிட்டுக் கல்கத்தா சென்ற அவர், 1923 முதல் அங்குள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி. ராமனுடன் ஆராய்ச்சி செய்தார். அதே காலத்தில், 1922இல், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குத்தான் போனார்கள். அவர்கள் கற்று வந்த தொழிலைச் சந்தை நேரடியாக எடைபோட்டது. பிறகு அது பட்டாசுக்கும் அச்சுக்கும் விரிந்தது. ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு சந்தை கிடையாது. அதன் மதிப்பைச் சக விஞ்ஞானிகள்தாம் சொல்ல வேண்டும்.

1928 பிப்ரவரி 28 அன்று அறியப்பட்ட ஒளிச்சிதறல் விளைவுக்கான சோதனைகளில் கிருஷ்ணன் முக்கியப் பங்காற்றினார். அதுபற்றி ‘நேச்சர்’ இதழில் மார்ச் 31 அன்று வெளிவந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் இருந்தன. ஆனால் மார்ச் 16 அன்று பெங்களூரில் ஆற்றிய உரையை ராமன் தம் பெயரில் கட்டுரையாக அச்சிட்டு, உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். ஜெர்மானிய இயற்பியலாளர் பிரிங்ஸ்ஹைம் அதை ‘ராமன் விளைவு’ என்று அழைத்தார். பரிந்துரைக் கடிதங்கள் எழுதப்படும் முன்பே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

நோபல் பரிசுக்கு முன்னாள் பரிசாளர்கள், சுவீடன் அறிவியல் கழக உறுப்பினர்கள், அழைக்கப்பட்ட பேராசிரியர்கள் போன்றோரே பரிந்துரைக்கலாம். 1930ஆம் ஆண்டுப் பரிசுக்கு ராமனை ரூதர்ஃபோர்டு, நீல்ஸ் போர், லூயி தெ பிராய், பெரின் போன்றோர் பரிந்துரைத்தார்கள். ராமனோடு சேர்த்துச் சிலர் எழுதிய பெயர்கள் வேறு: அமெரிக்கர் ராபர்ட் வுட், அதே விளைவை மாஸ்கோவில் தனியே கண்ட லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம். கிருஷ்ணன் பெயர் அவற்றில் இல்லை. பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. நோபல் பரிந்துரைகள் 50 ஆண்டுகளுக்கு மறைவாக வைக்கப்படுவதால் இந்த விவரங்கள் அரை நூற்றாண்டு கழித்தே வெளியாயின.

கிருஷ்ணன் 1928இன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்று, படிகங்களின் காந்தப் பண்புகளில் தமக்கென ஒரு துறையை வளர்த்தார். 1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1947இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1954இல் பத்ம பூஷண் பெற்றார். வேதியியலாளர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் நினைவாக நிறுவப்பட்ட பரிசு 1958இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது கிருஷ்ணனுக்கே கிடைத்தது. 1961இல் அவர் காலமானார். பின்னாளில் பட்நாகர் பரிசுக்கு 45 வயது வரம்பு வந்தது. பரிந்துரைக்கும் உரிமை துணைவேந்தர்கள், ஆய்வு நிறுவன இயக்குநர்கள், முன்னாள் பரிசாளர்கள் போன்றோருக்கு இருந்தது. முன்னாள் பரிசாளர் தம் துறையைச் சேர்ந்த ஒருவரை மட்டுமே பரிந்துரைக்க முடிந்தது.

கணினி அறிவியலுக்கு நோபல் பரிசு கிடையாது. அந்த இடத்தை 1966இல் தொடங்கிய டூரிங் விருது நிரப்பியது. இதற்கு ஒருவர் தம்மைத் தாமே பரிந்துரைக்க முடியாது. பரிந்துரைப்பவர் சாதனை இன்னதெனச் சுருக்கமாக எழுத, அந்த ஆய்வை நேரில் அறிந்த பிறர் ஆதரவுக் கடிதம் தர வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கென்றே நடக்கும் சர்வதேச மாநாடு 1971 முதல் இளம் ஆய்வாளர்களுக்கும், 1985 முதல் நீண்டகாலச் சாதனைக்கும் விருது வழங்குகிறது. முதல் நீண்டகால விருதைப் பெற்றவர் ஜான் மெக்கார்த்தி. அவருடைய மாணவர் ராஜ் ரெட்டி 1994இல் எட்வர்டு ஃபைகன்பாமுடன் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். சித்தூர் மாவட்டம் காட்டூரில் பிறந்த ரெட்டி, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்றவர். 2024ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்ட் சட்டன் இருவருக்கும் போனது. பார்ட்டோவிடம் முனைவர் பட்டம் பெற்ற பாலராமன் ரவீந்திரன் சென்னை ஐஐடியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வை வளர்த்து வருகிறார்.

அதே 2024இல் இயற்பியல் நோபல் ஹாப்ஃபீல்டு, ஹின்டன் இருவருக்கும் நரம்பணு வலையமைப்பு ஆய்வுக்காக வழங்கப்பட்டபோது கிருஷ்ணன் காலத்துச் சிக்கல் பெரிதாகத் திரும்பி வந்தது. நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது. ஆனால் செயற்கை நுண்ணறிவுக் கட்டுரை ஒன்றின் கீழ் பத்து, இருபது பெயர்கள் இருப்பது இன்று வழக்கம். பரிந்துரைப்பவர் அவற்றில் சிலவற்றை விட்டே ஆக வேண்டும்.

இந்திய அரசு 2023இல் அறிவித்த ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் இதற்கு ஓரளவு விடை தருகிறது. கணிதமும் கணினி அறிவியலும் அதில் ஒரு துறை. பட்நாகர் பெயர் 45 வயது வரையிலான இளம் விஞ்ஞானிகளுக்கான விருதில் தொடர்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 14 முதல் தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 வரை பரிந்துரைகளைப் பெறுவது என்பது அப்போதைய திட்டம். மூவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து செய்த பணிக்கென ‘விஞ்ஞான் டீம்’ என்ற தனி விருதும் உண்டு. கூட்டு உழைப்பில் ஒருவர் பெயரை மட்டும் எழுத வேண்டிய கட்டாயம் இந்த விருதில் இல்லை.