பழைய புத்தகத்தின் ‘ஃபேக்சிமிலி’ பதிப்பு என்றால் என்ன? வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரின் பழைய வரலாற்றைத் தேட ஆரம்பித்தால், சென்னையைவிட பாளையத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகம்தான் முதலில் கைகொடுக்கும். காரணம் சிம்பிள். 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி அப்போதைய மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரைக்கும் உங்கள் ஊரின் ஆவணங்கள் எல்லாம் திருவனந்தபுரம் பக்கம்தான்.

1829-ல் தொடங்கிய நூலகம் அது. ஆனால் அங்கே இருக்கும் அரிய நூல்களை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த காகிதம் பரவலானது. அதில் இருக்கும் அமிலம் காகிதத்தைத் தானே அரித்துவிடும். பக்கத்தைப் புரட்டினால் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால்தான் ஸ்கேன் செய்வதும் மறுபதிப்பு போடுவதும்.

மறுபதிப்பு எல்லாம் ஒன்றா?

இல்லை. ஒன்று, புதிதாக டைப் செய்து அச்சிடுவது. படிக்கச் சுலபம், ஆனால் பக்க எண்கள் மாறலாம், புதுப் பிழைகளும் சேரும். இன்னொன்று ஃபேக்சிமிலி: மூலப் பக்கத்தை அப்படியே படமெடுத்து அச்சிடுவது. பழைய அச்சுப்பிழைகூட அதில் இருக்கும்.

“பிழை எதுக்கு?” என்று கேட்பீர்கள். கொல்லத்தில் 1578 அக்டோபர் 20 அன்று அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளில் இந்தியாவில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகம் அதுதான், மொழி தமிழ். மொத்தமே 16 பக்கம். கடைசிப் பக்கத்தில் கோவாவில் வார்த்த தமிழ் எழுத்துகளையும் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளையும் தனித்தனியாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதை இன்றைய யூனிகோடு எழுத்துருவில் டைப் செய்தால் என்ன மிஞ்சும்? இரண்டு வரிசையும் ஒரே மாதிரி இருக்கும்! அந்தப் பக்கம் சொல்ல வந்த விஷயமே போய்விடும். நூலின் பிரதி இருப்பதோ அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். கொல்லத்துக்காரர் படத்தில்தான் பார்த்தாக வேண்டும்.

1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் வந்த புத்தகங்களும் இப்படித்தான். தும்பிக்கை போட்ட ‘லை’, ‘னை’ எல்லாம் ஃபேக்சிமிலியில் அப்படியே இருக்கும். முதல் பத்துப் பக்கம் தடுமாறும், அப்புறம் கண் பழகிடும்.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. அரசு வெளியீட்டுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60. நாகமய்யா எழுதி 1906-ல் வந்த ‘திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்’ போன்ற நூல்கள் எப்போதோ அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டன. யாரும் அச்சிடலாம். நல்லதும் அதுதான், தொல்லையும் அதுதான். இணையத்தில் கிடைக்கும் ஸ்கேனை எடுத்து, ஆர்டர் வந்தால் மட்டும் அச்சிட்டு விற்பவர்கள் நிறைய. சிலவற்றில் ஸ்கேன் செய்தவரின் விரல்கூடப் பதிந்திருக்கும்.

வாங்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். எந்த ஆண்டுப் பதிப்பின் நகல்? மூலத்தின் தலைப்புப் பக்கம் இருக்கிறதா? மடித்து வைத்த வரைபடங்களை முழுசா விரித்துப் படமெடுத்தார்களா? திருவிதாங்கூர் நூல்களில் உங்கள் ஊரின் பெயர் பழைய எழுத்துக்கூட்டலில் அந்த வரைபடங்களிலும் இருக்கலாம். ஆனால் மடிப்பைப் பிரிக்காமல் ஸ்கேன் செய்வது சகஜம். அப்படிப்பட்ட பதிப்புக்குக் காசு கொடுப்பது வீண்.

அதற்கும் முன்னால், மாநில மத்திய நூலகம் தன் அரிய நூல்கள் பலவற்றை டிஜிட்டலாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் ஒரு தடவை தேடிப் பாருங்கள், காசு மிச்சமாகலாம்.