இழப்பீடு

இழப்பு + ஈடு. ‘இடு’ என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு ‘ஈடு’ ஆயிற்று. கெடு, கேடு ஆனதுபோல. ஒப்பு, அடமானம், இழந்ததற்கு மாற்றாகத் தருவது என ‘ஈடு’ என்பதற்குப் பல பொருள். நுகர்வோர் வழக்கில் இழப்பீடு என்பது, குறைபாடுள்ள பொருளாலோ சேவையாலோ நேர்ந்த நட்டத்துக்கு நிறுவனம் கொடுக்க வேண்டிய தொகை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவை மீறினால் 3 ஆண்டு வரை சிறை. ஆனால் இச்சட்டப்படி, விலை கொடுத்து வாங்கியவரும் அவர் ஒப்புதலோடு பயன்படுத்துபவருமே நுகர்வோர். தமிழ்நாட்டின் தேர்வாய் கண்டிகையில், அரசின் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு மேய்ச்சல் காட்டை இழந்தவர்கள் அந்த வரையறைக்குள் வரவில்லை. அங்கு ஆலை அமைத்த பிரெஞ்சு டயர் நிறுவனமான மிச்செலின் மீது, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நெறிமுறைகள் குறித்த புகார்களைக் கேட்கும் பிரான்சின் தேசியத் தொடர்பு மையத்தில் 2012இல் புகார் அளிக்கப்பட்டது. 2013இல் விதிமீறல் இல்லை என்ற மையம், சில பரிந்துரைகள் மட்டும் செய்தது. இழப்பீட்டுக்கு ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லாதது பெருங்குறை.